பூட்ஸைக் கையில் பிடித்த வாட்ச்மேன்

பிள்ளைகளே, ஜமுனாமரத்தூரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகளுக்கு நான் ஒயரிங் வேலைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு வாட்ச்மேன் இருந்தார். ஒல்லியான உடம்பு, தொளதொளவென்ற நீலச் சட்டை, கம்பெனி கொடுத்த கறுப்பு பூட்ஸ். கேட்டில் பூட்ஸோடுதான் நிற்பார். கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தால் மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்.

"இன்னாண்ணே, கால கடிக்குதா?" என்று கேட்டேன்.

"அதில்லப்பா. இங்கதான் எங்க களம் இருந்துச்சு. சாமை அடிக்கிற எடத்த நாங்க செருப்போட மிதிக்க மாட்டோம்."

"இப்போ சிமெண்டுதானே?"

"மேலதான் சிமெண்டு," என்றார்.

ஒருநாள் வேலூரிலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. பூட்ஸைக் கையில் பிடித்தபடி அவர் வழி காட்டினார். அவர்கள் சிரித்தார்கள். மேனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாய்யா, பூட்ஸ காலுக்குக் குடுத்தமா, கைக்குக் குடுத்தமா? போடு, இல்லன்னா வூட்டுக்குப் போ!"

"கேட்டாண்ட போட்டுக்கிறேன் சார். இங்க வேணாங்க."

அன்றைக்கே அவர் வேலை போயிற்று. பூட்ஸைத் துடைத்து ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான் ஏணிமேல் நின்றபடியே ஒயரை இழுத்துக்கொண்டிருந்தேன். என் வேலை எனக்குப் பெரிதாக இருந்தது.

களத்தைப் பற்றி அவர் சொன்ன பிறகும் நான் அங்கே செருப்போடுதான் நடந்தேன். அவர் தினமும் பார்த்தார். ஒருநாள்கூட என்னைக் கழற்றச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.