கூடப் பிறந்தவர் யாரும் இல்லை

மருத்துவமனையில் இதயத்தைப் படமெடுத்துப் பார்க்கும் எக்கோ பிரிவில் எனக்கு வேலை. பரம்பரையாக வரும் இதயநோய் ஒருவருக்கு இருந்தது தெரிந்தால், அவருடைய இரத்த உறவுகளிடம் சொல்லிப் பரிசோதனைக்கு அழைப்பதும் என் பொறுப்பு. தாராவியில் அந்த வீட்டுக்கு அப்படித்தான் போனேன். தோல் பை தைத்துக்கொண்டிருந்தவர் மெஷின் மீதே சரிந்து இறந்திருந்தார். இதயச் சுவர் தடித்திருந்ததாகப் பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

அவர் மனைவி என் முகத்தைவிட என் அடையாள அட்டையையும் டேப்லெட்டையும்தான் அதிகம் பார்த்தார்.

"வீட்டுக்காரருக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி யாராவது?"

"கூடப் பொறந்தவுக யாருமில்ல. கீழ நானும் எம்மவளும். மேல வாடகைக்கு ஒரு ஆளு. தனி அடுப்பு, தனி மீட்டரு."

நான் மீட்டரைப் பற்றிக் கேட்கவே இல்லை. அது உறுத்தியது. மகளுக்கு எக்கோ எடுக்க வேண்டும் என்றேன். தலையாட்டினார், உட்காரச் சொல்லவில்லை.

வெளியே இரும்பு ஏணியில் ஒருவர் இறங்கி வந்தார். பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"மதினி, கொழாயில பானி வந்துட்டா?"

வாடகைக்கு இருப்பவரும் மதினி என்று அழைக்கலாம். அவர் பாதியில் நின்றதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

"அண்ணே, எப்பவும் இப்படித்தான் மூச்சு வாங்குமா?"

"மேடம் சர்வேயா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"இல்லைங்கறாவ. எந்த சர்வேகாரி ஆமாங்கப் போறா?" என்றார் அந்த அம்மா.

அப்போதுதான் விளங்கியது. குடிசைகளை இடித்துவிட்டுப் புது வீடு கொடுப்பதற்காகச் சந்துகளில் வீட்டுக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. மேலே இருப்பவர் அந்நியர் என்றால் இரண்டு வீடு கிடைக்கும், சொந்தம் என்றால் ஒன்றுதான் என்று ஊரெல்லாம் பேச்சு.

"அக்கா, வீட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அவருக்கு இருந்தது கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாம். முன்னாடியே தெரிஞ்சா மருந்து இருக்கு."

"அண்ணனும் இந்த ஏணில இப்படித்தான் நிப்பாரு, மதினி" என்றார் அவர்.

"சும்மா இருங்க, கொழுந்தனாரே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அந்த அம்மாவுக்கு உறைத்தது.

மறுவாரம் மகளோடு கொழுந்தனாரையும் அழைத்து வந்தார். கவுன்ட்டரில் உறவு என்ன என்று கேட்டபோது, தம்பி என்று தணிந்த குரலில் சொன்னார். இது வேறெங்கும் போகாதே என்று அங்கே கேட்டுவிட்டு, என்னிடமும் வந்து கேட்டார். போகாது என்றேன். நம்பிய மாதிரித் தெரியவில்லை.

மகளின் படத்தில் கோளாறு எதுவும் இல்லை. பிறகு கொழுந்தனார் படுத்தார். இதயச் சுவரின் தடிமனைத் திரையில் அளந்தேன். அந்த அம்மா அவருடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்து நின்றார்.

"அவுகளுக்கு இருந்த மாதிரியா?"

"டாக்டர் பார்த்துச் சொல்லுவாரு அக்கா."

"எம்மவளுக்கு ஒருக்கதான் அளந்திய. இவருக்கு ரெண்டு மட்டம் அளந்திட்டிய" என்றார்.