ரவையும் ரெண்டு விரலும்

எங்கள் நாடகக் கம்பெனி வண்ணார்பேட்டையில் கொட்டகை போட்டிருந்தபோது நான்தான் மிருதங்கம். அந்த வருஷம் முதலாளி டெல்லியிலிருந்து ஒரு தபேலாக்காரரை வரவழைத்தார். டெல்லி கரானா, அதாவது அந்த ஊர் வாசிப்பு வழியில் வந்தவர். உள்ளங்கையைத் தூக்கி அடிக்கமாட்டார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தோலின் ஓரத்தில் ஓடும், அவ்வளவுதான்.

"மிச்ச விரல டெல்லியிலயே வச்சுட்டு வந்துட்டாரா வே?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஆனால் நான் வாசித்துக்கொண்டிருந்த பாட்டுகள் ஒவ்வொன்றாக அவர் பக்கம் போயின.

ஒருநாள் ஒத்திகைக்கு முன்னால், நாதம் கனக்க மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் அப்புவதற்குப் பிசைந்த ரவையில் கொஞ்சம் எடுத்து, அவருடைய இடதுகைத் தபேலாவில் அப்பிவிட்டேன். ஈரம் ஊறி, தோலின் மேலிருந்த கறுப்புப் பூச்சு பெயர்ந்து வந்துவிட்டது.

"எவம்லே இதச் செஞ்சது?" என்றார் முதலாளி. எல்லாரும் ரவை ஒட்டியிருந்த என் கையைப் பார்த்தார்கள்.

டெல்லிக்காரர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "அவர் நல்லதுக்குச் செஞ்சார், முதலாளி. அவர் வாத்தியத்துக்கு ரவை வேணும். இதுக்கு ஈரம் ஆகாதுன்னு நான் சொல்லல."

பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வலதுகைத் தபேலாவை அவர் வாசிக்க, இடதுகைக்குப் பதிலாக என் மிருதங்கத்தின் இடப்பக்கம் பேசியது. அன்றைக்குத்தான் அந்த விரல்களைக் காது கொடுத்துக் கேட்டேன். ஒவ்வொரு தாளச் சொல்லும் தனித்தனியாக விழுந்தது. என் ஐந்து விரலுக்கும் அந்தத் தெளிவு கிடையாது.

முதலாளியிடம் அவர் சொன்னது பொய். வந்த முதல் நாளே, "இதுல ஈரம் படக்கூடாது" என்று என்னிடம்தான் சொல்லியிருந்தார்.

இன்றைக்கும் ரவை பிசைய உட்கார்ந்தால் அந்தப் பொய்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.