ஊறாத கரி

பாகம் பிரித்தபோது ஓடையை ஒட்டிய கரிசலைத் தனக்கு வைத்துக்கொண்டு, கரிமூட்டம் போட்டு வெந்துபோன சரளைக்காட்டை எங்களுக்குத் தள்ளினார் என் கணவரின் அண்ணன். அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். என் கணவர் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்கிக்கொண்டார். நான் ஒதுங்கவில்லை. விளாத்திகுளம் பக்கத்தில் காடு இருக்கிற ஊருக்கே குடிவந்து மிளகாய் போட்டேன்.

கரி மண்ணுக்கு நல்லது என்று போனில் பார்த்துவிட்டு, மூட்டத்தில் மிஞ்சிக் கிடந்த கரித்தூளை அப்படியே மண்ணில் கலந்தேன். செடி முழுக்க மஞ்சளாகிவிட்டது. அத்தான் டீக்கடை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரப்பில் வந்து நின்றார்.

"ஏளா, அடுப்புல போடுததைக் காட்டுல போட்டா வெளையுமா? பேசாம தூத்துக்குடிக்கே போயிரு. காட்டை நான் பாத்துக்கிடுதேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இந்தச் சரளையையும் பிடுங்கத்தான் காத்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. மறுநாளே மஞ்சளடித்த செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வேளாண்மை அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி காரணம் சொன்னார். கரி முழுக்க நுண்ணிய பொந்துகள். காய்ந்த கரி மண்ணிலிருக்கும் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தானே பிடித்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். சாணிக்கரைசலில் ஊறவைத்து, மக்கிய குப்பையோடு போட வேண்டும். கூடவே வேர்ப்பூஞ்சாணம். அது வேருக்குள் குடியிருந்து, வேர் எட்டாத இடத்துக்கும் நூல் நூலாய்ப் பரவி மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கொண்டுவந்து தரும். ஊறிய கரியின் பொந்துகள் அதற்குப் பாதுகாப்பு.

"டிஏபி உரத்தை அள்ளிக் கொட்டிராதீங்க, அதுல மணிச்சத்து ஜாஸ்தி. மணிச்சத்து சும்மா கெடைச்சா செடி பூஞ்சாணத்தைச் சேத்துக்காது" என்றார்.

மறுவருடம் அவர் சொன்னபடியே செய்தேன். கார்த்திகையில் மழை ஏமாற்றியும் என் செடிகள் தலை சாயவில்லை. அத்தானின் கரிசலைவிட என் சரளையில் காய் அதிகம். வியாபாரி அண்ணாச்சி அவர் முன்னாலேயே என் வற்றலை உடைத்து முகர்ந்து, "இதைத் தனியா கட்டுங்க, வெலை கூட்டித் தாரேன்" என்றார். அத்தானின் முகம் சுண்டியதை ஆசைதீரப் பார்த்தேன்.

அன்று மாலையே வாசலில் வந்து நின்றார்.

"அப்படி என்னத்தளா போட்டே?"

"கரித்தூள் போட்டேன் அத்தான். நீங்கதான் பாத்தியளே. உரமே வாங்கலை."

ஒன்றுகூடப் பொய்யில்லை. ஊறவைத்ததையும் குப்பையையும் பூஞ்சாணத்தையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த பருவத்தில் லாரியில் கரித்தூளை இறக்கிக் கரிசல் முழுக்கக் கொட்டினார். உரத்தையும் நிறுத்தினார். மிளகாய்ச் செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் மஞ்சளடித்து நின்றன. தினமும் காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு வரப்புக்குப் போய்ப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

"பாவம், சொல்லிருக்கலாம்லா" என்றார் என் கணவர் போனில். காப்பி ஆறுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கடைசியில் அத்தானும் அதே அலுவலகத்துக்குப் போய் விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்து கத்தினார்.

"தெரிஞ்சேதான சொல்லாம இருந்தே?"

"ஆமா. தெரிஞ்சேதான்."

அதன்பிறகு பேச்சுவார்த்தை இல்லை. காட்டைக் கேட்டும் யாரும் வரவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. இந்த வருடம் சாணிக்கரைசல் தொட்டியை அவர் வரப்பை ஒட்டியே கட்டியிருக்கிறேன். காற்று அந்தப் பக்கம்தான் அடிக்கிறது.