சிதம்பரம் பஸ்ஸில் செல்லாத துண்டு

முதுகுப்பைப் பயணத்துக்கு, சீக்கிரம் காயும் மெல்லிய லைட்வெயிட் துண்டு தேவையா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். போன மாதம் வரை கேட்டிருந்தால், யோசிக்காமல் வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். இந்த மார்கழித் திருவாதிரைக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் கிளம்பினேன். கூட என் மாமனார். போய்ச் சேர்ந்தது நான் மட்டும்தான்.

மாமாவுக்குக் கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் மளிகைக்கடை. மார்கழி, தை என்றால் வியாபாரம் சூடாக இருக்கும், கடையை மூட மனசு வராது. அதனால் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டே ஆருத்ரா தரிசனத்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அபிஷேகம் முடிந்து ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து நடராஜரும் அம்பாளும் முன்னே போய்ப் பின்னே வந்து ஆடிக்கொண்டே சபைக்குத் திரும்புவார்களே, அதை மற்றவர்கள் சொல்லிக் கேட்டதோடு சரி. இந்த வருஷம்தான் கடையை என் மச்சான் பொறுப்பில் விட்டார். ஆனால் அதற்குள் முழங்கால் போய்விட்டது. பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. "உக்காந்துகினு போறதுன்னா காசிக்குக் கூட வருவேன் மாப்ள, நிக்கத்தான் முடியாது" என்றார். கோயிலில் அவரை ஓரமாக உட்கார வைக்கும்படி, எங்களுக்குத் தெரிந்த தீட்சிதர் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தோம். பஸ்ஸில் உட்கார வைப்பது என் வேலை.

மறுநாள் பிச்சாவரம் படகு சவாரியும் திட்டத்தில் இருந்ததால் ஆளுக்கொரு பை. மாமா தோளில் எப்போதும் கிடக்கும் சிவப்புக்கரைத் துண்டோடு வாசலுக்கு வந்தார். எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே. "நனைஞ்சா ரெண்டு நாளைக்குக் காயாது மாமா, பையெல்லாம் நாறும்" என்று ஒரு பிரசங்கம் செய்து, துண்டை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு, அவருக்கென்றே வாங்கி வந்த சாம்பல் நிற லைட்வெயிட் துண்டைப் பையில் வைத்தேன். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். "இதுல தலை தொவட்டுனா தலை காயுமா, இல்ல இது கோச்சிக்குமா?" என்று கேட்டாரே ஒழிய மறுக்கவில்லை. மாப்பிள்ளை சொன்னால் மறுக்கிற ஆள் இல்லை அவர்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒன்றேகால் மணி நேரம், ஐம்பது ரூபாய்க்குள் டிக்கெட். திருவாதிரை அன்று அந்தக் கணக்கு செல்லாது. காலை ஒன்பது மணிக்குக் கடலூர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். புதுச்சேரி பக்கமிருந்து வந்த பஸ் நிற்பதற்கு முன்பே சனங்கள் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கத்தில் அது ரிசர்வேஷன். சீட்டில் துண்டு கிடந்தால் கிடந்ததுதான், வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மாமாவின் கை தன்னால் தோளுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அவசரமாகப் பையைத் திறந்து அந்தச் சாம்பல் துண்டை எடுத்து நானே எறிந்தேன். இரண்டு பேர் சீட்டில் சரியாகத்தான் விழுந்தது.

முட்டி மோதி உள்ளே போனால், அந்த சீட்டில் மடியில் குழந்தையோடு ஓர் அம்மாள். பக்கத்தில் அவர் கணவர், என் துண்டால் பனி படிந்த ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், இது எங்க சீட்டு. துண்டு போட்டிருக்கேன்."

"துண்டா? இங்க ஏது துண்டு?"

"உங்க கையில இருக்கறதுதான்."

அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுவா? டிரைவரு கண்ணாடி தொடைக்கிற துணின்னு நெனச்சேன் சார். துண்டுன்னா துண்டு மாரி இருக்க வாணாமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த மனிதர் நல்லவர், மாமாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். மாமா அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "கொழந்தைய வச்சிருக்கீங்க, உக்காருங்க. மாப்ள, வுடுங்க." இறங்கிக் கார் பிடிக்கலாம் என்றேன். "ஒரு ஆளுக்கோசரம் காரா? செலவு ஜாஸ்தி, வாணாம்" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். பஸ் அதற்குள் நகர்ந்துவிட்டது என்று சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வழியில் இருக்கும் ஆலப்பாக்கம் வரை நின்றார். உதட்டைக் கடித்துக்கொண்டார், நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "என்னால முடியல மாப்ள" என்றார். இறங்கினோம். எதிர்ப்பக்கம் கடலூர் போகிற பஸ் காலியாக வந்தது. கூடவே ஏறப் போன என்னைத் தடுத்தார். "லாட்ஜெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க, ஒருத்தராவது பாருங்க." ஜன்னலோரம் உட்கார்ந்து, "பாருங்க, எவ்ளோ எடம்!" என்று சிரித்துக் கையசைத்தார். நான் அடுத்த சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். அவரோடு திரும்பியிருக்க வேண்டும். இதை எழுதும்போதும் வலிக்கிறது.

சிதம்பரத்தில் லேசான தூறல். பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயிலுக்கு நடக்கிற தூரம்தான், ஆனால் கீழவீதியைத் தாண்டவே முக்கால் மணி நேரம் பிடித்தது. தீட்சிதர் மாமாவுக்கென்று வைத்திருந்த இடத்தில் என்னை உட்கார வைத்தார். பிற்பகலில் சுவாமி ஆடி வந்தார். கைக்கெட்டும் தூரத்தில், முன்னே இரண்டடி, பின்னே ஓரடி. இத்தனை அருகில் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை. மாமாவுக்கு வீடியோ கால் போட்டுப் பார்த்தேன், அந்தக் கூட்டத்தில் லைன் போகவே இல்லை. அறையையும் பிச்சாவரத்தையும் விட்டுவிட்டு மாலையே கடலூர் பஸ் ஏறினேன்.

துண்டு விஷயத்துக்கு வருகிறேன். லைட்வெயிட் துண்டின் மேல் பொய்யாகப் பழி போட மாட்டேன். தூறலில் நனைந்தது அரை மணியில் காய்ந்தது, பையில் இடத்தை அடைக்கவில்லை. மலையேற்றத்துக்கும் ஹாஸ்டலில் தங்குவதற்கும் அதையே எடுத்துப் போங்கள். உடம்பை ஒற்றித்தான் எடுக்க வேண்டும், தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் பக்கம் பஸ்ஸில் சுற்றுவதானால் கூடவே ஒரு சாதாரணப் பருத்தித் துண்டும் இருக்கட்டும். வெயிலுக்குத் தலையில் கட்டலாம், தரையில் விரிக்கலாம், கோயிலில் சட்டையைக் கழற்றினால் மேலே போட்டுக்கொள்ளலாம், சீட்டும் பிடிக்கலாம். திருவாதிரைக்குப் போகிறவர்கள் முதல் நாளே போய்ச் சிதம்பரத்தில் தங்கிவிடுங்கள். வயதானவர்கள் கூட இருந்தால் கார் வாணாம் என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள்.

மாமா வீட்டுக்குள் நுழைந்ததுமே என் மனைவி பிடித்துக்கொண்டாள். "அப்பாவுக்குப் போக இஷ்டமே இல்லையாமே, நீங்க கூப்பிட்டீங்களேன்னு கெளம்புனாராம். ஏன் இழுத்துக்கிட்டுப் போனீங்க?" துண்டைப் பற்றி மாமா வீட்டில் மூச்சு விடவில்லை. அத்தை தட்டில் களி வைத்தார். மாமா காலை நீட்டி உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் விபூதியை நீட்டினேன். பூசிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "முன்னாடி பின்னாடி ஆடி வந்தாரா மாப்ள?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்று சொல்ல மனசு வரவில்லை. "சரியான கூட்டம் மாமா. எனக்கு ஒண்ணுமே தெரியல" என்றேன்.

"அப்ப நீங்களும் பாக்கலயா?" என்று நிமிர்ந்தார். அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்த பிறகுதான், அவர் எவ்வளவு ஆசையோடு காலையில் கிளம்பினார் என்பது எனக்கு முழுதாக உறைத்தது.