சண்டைக்காரம்மா ஸ்டாப்பிங்

சுனாமி வந்த மூன்றாம் நாள் துபாயிலிருந்து வந்து மரக்காணம் பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்குப் போன் கிடைக்கவே இல்லை. கண்டக்டர் வெடவெடவென்று ஒல்லியாக இருந்தார். நிறுத்தங்களுக்கெல்லாம் அவரே ஒரு பெயர் வைத்துக் கூவினார்.

"உப்பளத்து வளைவு ஒண்ணு" என்றேன்.

"சண்டைக்காரம்மா ஸ்டாப்பிங்கா?"

"யாரது?"

"ரெண்டு மூக்குத்தி, புருவத்துல தழும்பு. உப்பளத்துல வேலை செய்யுது. இன்னிக்குக் காலைலகூட, நாலடி தள்ளி நிறுத்திட்டேன்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிடுச்சு."

"இன்னிக்குக் காலைலயா?"

"ஆமா சார்."

என் அம்மாதான். இன்று காலையில் திட்டியிருக்கிறாள். கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வளைவு வந்ததும் ஓரடி பிசகாமல் பஸ்ஸை நிறுத்தவைத்துவிட்டு, அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் சார் அழுவுறீங்க? உங்களையும் திட்டிச்சா அந்தம்மா?"

"இனிமேதான் திட்டும்" என்று சொல்லி இறங்கினேன்.