பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன்

ஜாவாத் தீவின் செமாரங் நகரத்தில், வடகரையில் கடல் எங்களைக் கேட்காமலே வீட்டுக்குள் வரும். அது ஏற ஏற நாங்களும் மண் கொட்டித் தரையை உயர்த்துவோம். கூரை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். அதனால் எங்கள் தெரு வாசல்கள் எல்லாம் குட்டையாகிவிட்டன. தண்ணீர் இறைக்கும் பம்பு விற்கிற ரெத்னோவின் கடை வாசல் இருப்பதிலேயே குட்டை. அவளுடைய இறந்துபோன கணவனின் அண்ணன் ஹர்யோனோ நெட்டை மனிதர். உள்ளே போகும்போது ஒருமுறை, வெளியே வரும்போது ஒருமுறை நெற்றியில் இடித்துக்கொள்வார். எதிரே டெம்பே என்கிற சோயாக் கட்டியைப் பொரித்து விற்கும் எனக்கு அது இலவச வேடிக்கை.

கடை அவருடையது. ரெத்னோ பின்கட்டில் குடியிருந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டாள். வியாபாரம் படுத்ததும் ஒருநாள் அவர் வந்தார்.

"இப்ப எல்லாரும் போன்ல பாத்துட்டுத்தாம்மா வாங்க வர்றாங்க. கடைக்கு நெட்ல பிளாக் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன், நீ எழுது. நாலு பேரு படிச்சு வந்தா கடை நிக்கும். இல்லேன்னா நோன்புப் பெருநாளுக்கு அப்புறம் செல்போன் கடைக்காரருக்கு விட்டுடலாமான்னு ஒரு யோசனை. தப்பா எடுத்துக்காதே."

"ரொம்ப நல்ல யோசனைங்கண்ணே" என்றாள் ரெத்னோ. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு போனதும் என்னிடம் வந்து, கொடுத்த டெம்பேயைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கடை போனால் பின்கட்டும் போகும். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

எழுத ஆரம்பித்தாள். 'மதிப்பிற்குரிய வாசகர்களே, தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும்' என்று தொடங்கும். பிறகு நல்ல பம்பைத் தேர்ந்தெடுக்க ஐந்து வழிகள், பம்பைப் பராமரிக்க ஏழு வழிகள். எல்லாம் எங்கிருந்தோ எடுத்தது. எந்த ஊர்த் தண்ணீருக்கும் பொருந்துகிற எழுத்து. எங்கள் ஊர்த் தண்ணீருக்கு மட்டும் பொருந்தவில்லை. படித்தவள் நான் ஒருத்திதான். நானும் பாதியில் தூங்கிவிட்டேன்.

"ஏண்டி, அந்தப் பச்சை பம்பு நம்ம உப்புத் தண்ணிக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காதுன்னு தெருவுக்கே தெரியும். அதை எழுதேன்!"

"ஐயோ அக்கா! பம்பை வாங்கி வச்சிருக்கிற அண்ணன் மனசு என்ன பாடுபடும்? வாங்கிட்டுப் போனவங்களுக்கும் சங்கடம்."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். இவள் சட்டி நிறைய இருந்தது. அகப்பையை விடத்தான் கூச்சம். நான் மதுராத் தீவில் பிறந்தவள், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவேன். இந்த ஜாவாக்காரர்கள் வீடு பற்றி எரிந்தாலும், 'கொஞ்சம் வெக்கையா இருக்கு போல' என்பார்கள்.

நோன்பு மாதம் பாதி ஓடியபோது ஒரு மத்தியானம் கடல் ஏறியது. கடைசி வீட்டு மர்சினாவின் பச்சை பம்பு நின்றுபோனது. படுக்கையில் கிடக்கும் அவள் அப்பாவின் கட்டில் கால் நனைய ஆரம்பித்துவிட்டது. ரெத்னோவும் நானும் வேறு பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மர்சினா கை கூப்பினாள்.

"மன்னிச்சுக்கம்மா ரெத்னோ. நல்ல பம்பைத்தான் குடுத்தே. எங்க வீட்டுத் தண்ணியிலதான் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி போல."

ரெத்னோ புதுப் பம்பை மாட்டிவிட்டு, நின்றுபோனதைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

அன்று அவள் எழுதியது மன்னிப்பில் தொடங்கவில்லை. துருப்பிடித்துப் பாதி உதிர்ந்த பம்பு விசிறியை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துப் போட்டாள். அதன் கீழே: 'இது எங்கள் கடையில் வாங்கியது. மேட்டுப் பகுதியில் நல்ல தண்ணீர் இருப்பவர்கள் தாராளமாக வாங்குங்கள், பல வருஷம் உழைக்கும். வடகரையில் இருப்பவர்கள் வாங்காதீர்கள். உங்களுக்கு வேறு பம்பு சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள்.'

கேள்விகள் வந்தன. எப்படி வந்தன என்பதுதான் விசேஷம். தன் வீட்டில் தண்ணீர் நிற்கிறது என்று ஒருத்தர்கூட எழுதவில்லை. 'பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன், அவர் வீட்டு அடுப்படியில் தண்ணீர் வடிய மாட்டேன் என்கிறது.' 'என் பக்கத்து வீட்டு அம்மா பம்பு வாங்கி ஏமாந்துவிட்டார்.' வடகரை முழுக்கப் பக்கத்து வீடுகள்தான் மூழ்கின, எழுதுகிறவர்கள் வீடெல்லாம் மேட்டில் இருந்தது! ரெத்னோ சிரிக்கவில்லை. 'உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் பம்பைச் செங்கல் மேல் வைக்கச் சொல்லுங்கள்' என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். அந்த மரியாதைக்காகவே ஆட்கள் சேர்ந்தார்கள். காலையில் கடை திறக்கும் முன்பே 'பக்கத்து வீட்டுக்காக' வாங்க வந்து நின்றார்கள்.

பச்சை பம்பைப் பற்றி எழுதிய விஷயம் ஹர்யோனோ காதுக்குப் போகாமல் இருக்குமா? பெருநாளுக்கு முந்தின வாரம், நோன்பு திறக்கும் நேரத்தில் வந்தார். இடித்துக்கொண்டார். உட்கார்ந்தார். ரெத்னோ தேநீர் வைத்தாள்.

"வாசனையா இருக்கும்மா" என்றார். கோப்பையைத் தொடாமல் எழுந்து போனார்.

நோன்பு திறக்கிற நேரத்துத் தேநீர்! எங்கள் ஊரில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலிக்காது. ரெத்னோ அன்றைக்கே பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். நான் அவர் போன திசையைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த நோன்பின் பலன் போயிருக்கும், போகட்டும்.

பெருநாள் முடிந்தது. மேட்டுப் பகுதியிலிருந்து ஆட்கள் வந்து பச்சை பம்பைக் கேட்டு வாங்கினார்கள். "கெட்டதை ஒளிக்காம சொன்ன பொம்பளை, நல்லதுன்னு சொன்னா நம்பலாம்" என்றார் ஒருத்தர். ஆனாலும் ஹர்யோனோவிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. மூட்டை கட்டியபடியே கிடந்தது.

அப்புறம் ஒருநாள் ரெத்னோ போனை நீட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். புதுக் கேள்வி ஒன்று, பெயர் போடாமல்:

'பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன். அவர் தம்பி மனைவியிடம் கடையை வேறு ஆளுக்கு விடப்போவதாகச் சொல்லிவிட்டார். இப்போது அப்படிச் செய்ய அவருக்கு மனசில்லை. ஆனால் சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தக் கடைக்குப் போனால் அவருக்கு நெற்றி வேறு வலிக்கிறது.'

நான் எண்ணெய்ச் சட்டியை மறந்து சிரித்தேன். அவள் அழுதுகொண்டே பதிலைத் தட்டினாள்: 'உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல வேண்டாம். குனிந்து வந்தால் போதும். தேநீர் வைத்திருக்கிறேன்.'

மறுநாள் மத்தியானம் அவர் வந்தார். அந்த நெட்டை உடம்பை மடக்கி, இடிக்காமல் உள்ளே போனார். கடையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது கோப்பை காலியாக இருந்தது.