மைமு அடக்கிய மூச்சு

மைமு பேருந்தில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். தல்லின் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் சுண்ணாம்புக்கல்லை வினிகர் நெடியடிக்கும் அமிலத்தில் கரைப்பது அவள் வேலை. குளித்தாலும் போகாத வாடை. வீட்டுக்குள் நுழைந்ததும் கணவன் யூலோ, "ஊறுகாய் ஜாடி வந்தாச்சு" என்பான். அவளும் சிரித்துக்கொண்டே கறுப்பு ரொட்டியை நறுக்குவாள்.

கல் கரைய வாரக்கணக்கில் ஆகும். அடியில் தங்கும் வண்டலைக் காயவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நாற்பத்தைந்து கோடி வருடத்துக்கு முன் கடலில் நெளிந்த புழுக்களின் தாடைகள் கறுப்பாக மினுங்கும். தூசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஈரத் தூரிகையின் நுனியால் தொட்டெடுக்க வேண்டும். மூச்சு பட்டால் பறந்துவிடும். அதனால் மைமு மூச்சை அடக்கப் பழகியிருந்தாள்.

வேலையில் அவளுக்கு மேலே இருந்தவள் ஹெர்தா. ஆறு வயது மூத்தவள், பிடிவாதக்காரி. கொக்கி போன்ற பெரிய தாடையும் ரம்பம் போன்ற சின்னத் தாடையும் ஒரே புழுவின் வாயில் இருந்தவை என்பது அவள் கட்சி. மற்ற ஆய்வாளர்கள் அவை இரண்டு வேறு புழுக்கள் என்றார்கள். செத்த புழுவின் வாய் உதிர்ந்துவிடுவதால் இரண்டும் தனித்தனியாகவே கிடைத்தன. ஒட்டியபடி ஒன்று கிடைத்தால் வழக்கு தீர்ந்தது. அதுவரை ஹெர்தா என்ன சொன்னாலும் யாரும் ஏற்கப்போவதில்லை. "பெட்டியில இல்லாதது உலகத்துலயே இல்ல" என்று, கிடைத்ததைப் பெயரெழுதி வைக்கும் மாதிரிப் பெட்டிகளைக் காட்டி எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

எழுபத்து மூன்று மார்ச்சில், ஒரு காலை வேளையில், மைமுவின் தூரிகை நுனியில் அது வந்து நின்றது. கொக்கியும் ரம்பமும், ஒட்டியபடி. சந்தேகமே இல்லை. பன்னிரண்டு வருடம் அடக்கிய மூச்சை அந்த ஒரு கணம் அவளால் அடக்க முடியவில்லை. "ஹெர்தாக்கா!" என்று கத்திவிட்டாள். அந்தக் கத்தலின் காற்றிலேயே அது போய்விட்டது.

ஹெர்தா அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தாள். மைமு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, மேசைல இடிச்சுக்கிட்டேன்" என்றாள்.

அன்று முழுக்கத் தரையை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, துணியை அலசிய தண்ணீரைக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். ஏப்ரனை உதறிப் பார்த்தாள். பிறகு அதே பாறையடுக்கிலிருந்து சாக்குச்சாக்காய்க் கல் வரவழைத்து ஞாயிற்றுக்கிழமையும் கரைத்தாள். இன்னொன்று கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கிடைக்கவே இல்லை. அவளுடைய உழைப்பை ஹெர்தா ஊரெல்லாம் புகழ்ந்ததுதான் கொடுமை.

நான்கு வருடம் கழித்து வெளியூர் ஆய்வாளர் கூட்டமொன்றில், ஒரே புழு என்று சொன்னதற்காக ஹெர்தாவை வைத்துச் சிரித்தார்கள். திரும்பி வந்து, தான் சொன்னது தவறு என்று தானே எழுதி அச்சுக்கு அனுப்பினாள். தாடைகளை இரண்டு பெட்டியாகப் பிரித்து, இரண்டு பெயர் எழுதச் சொன்னாள். கூடத்தில் அழகான கையெழுத்து மைமுவுடையது. பொய் என்று தெரிந்தே எழுதினாள். படுபாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

எண்பத்து நான்கில் ஹெர்தா நோயில் விழுந்தாள். இனி எழமாட்டாள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மைமு கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

ஹெர்தா அவள் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டும் ஒட்டியா இருந்துச்சு?"

"ஒட்டித்தான்க்கா. என் கண்ணால பார்த்தேன்."

"பதினோரு வருஷமா ஏன் சொல்லல?"

"காட்ட ஒண்ணும் இல்லியே. பெட்டியில இல்லாதது இல்லன்னு நீங்கதானே..."

"அது ஊருக்குச் சொன்னது, மைமு. எனக்கு எதுக்குக் காட்டணும்? நீ சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே."

அதற்குப் பிறகு ஹெர்தா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புதன்கிழமை இறந்துபோனாள்.

மைமு இன்னும் ஏழு வருடம் அதே நாற்காலியில் வேலை பார்த்தாள். இரண்டு பெட்டிகளும் அலமாரியில் இருக்கின்றன, அவள் கையெழுத்தில், இரண்டு பெயரோடு.